மீனுக்கு முன் இரை

ஒரே தாய்மீனின் வயிற்றிலிருந்து ஒரே நாளில் பிதுக்கி எடுத்து, ஒரே தட்டில் பொரிக்கவைத்த குஞ்சுகளில் ஒரு பாதியை மலைச்சரிவில் பாறைகளின்மீது சலசலத்து ஓடும் ஓர் ஓடையிலும், மறு பாதியை அந்த ஓடை போய்க் கலக்கும் ஏரியிலும் விட்டுவிட்டு, மூன்று ஆண்டுகள் சென்றபின் பிடித்துப் பார்த்தால், ஓடையில் வளர்ந்தது ஒரு சாண் நீளத்தில் நூறு கிராமைத் தொடத் தயங்கிக்கொண்டும், ஏரியில் வளர்ந்தது முழங்கை நீளத்தில் இரண்டு கிலோவை எட்டியும் இருக்கக்கூடும். டிரவுட் என்னும் குளிர்நீர் மீனின் விஷயத்தில் இது அதிசயமே அல்ல. நிறம், புள்ளி, உடல்வாகு, மாமிசத்தின் சிவப்பு எல்லாமே இரண்டுக்கும் வேறுபட்டுப்போவதால், சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் மீன்களைப் பற்றிய ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்த ஆல்பர்ட் குந்தர் போன்ற மகா பண்டிதர்கூட, பிரிட்டிஷ் தீவுகளின் வெவ்வேறு ஏரிகளில் கிடைத்த டிரவுட்டுகளை வெவ்வேறு ஜாதிகளாகப் பிரித்துப் பெயரிட்டு எழுதிவைத்தார். பிற்காலத்தவர் அவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரே ஜாதி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். குந்தர் கண்ட பேதங்கள் பொய்யல்ல; அவற்றில் பல, மீன் வாழ்ந்த தண்ணீரும் அது உண்ட ஆகாரமும் வருவித்த பேதங்கள்.

மனிதனும் மாடும் ஆடும் குறிப்பிட்ட வயதில் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் பிராணிகள். மீனுக்கு அப்படி ஒரு கட்டாயமான எல்லையை இயற்கை வகுக்கவில்லை. ஆகாரம் தாராளமாகக் கிடைக்குமானால் அது ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே போகும். ஆகாரம் போதாவிட்டால், ஒரு கன்றுக்குட்டி மெலிந்து மடிவதுபோல் மடியாமல், வளர்ச்சியைமட்டும் அடக்கிக்கொண்டு சிறிய உருவத்திலேயே முதிர்ந்து, முட்டையிட்டு, கிழடாகியும் விடும். தன் உடலின் உஷ்ணத்தைத் தானே காத்துக்கொள்ள வேண்டிய செலவு இல்லாத ஜந்து ஆகையால் கொஞ்சம் உண்டும் உயிர்வாழ அதனால் முடிகிறது. ஏரியில் மீன் வளர்ப்பவர்களை ஏமாற்றுவதும் இந்தக் குணந்தான். விட்ட குஞ்சுகள் சாகவில்லை, தூண்டிலில் நிறையவே கடிக்கின்றன என்று சந்தோஷப்படுகிறவர், அவை ஐந்து ஆண்டாகியும் உள்ளங்கையை விட்டு வளரவில்லை என்பதைக் காலம் கடந்தே கவனிக்கிறார்.

டிரவுட்டில் மனிதன் உலகெங்கும் கொண்டுபோய் விட்டவை முக்கியமாக இரண்டு. ஒன்று ஐரோப்பாவைச் சேர்ந்த பழுப்பு டிரவுட். மற்றது வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர நதிகளைப் பிறப்பிடமாகக் கொண்ட ரெயின்போ டிரவுட், விலாவில் ஓடும் இளஞ்சிவப்புப் பட்டையால் அப்பெயர் பெற்றது. இரண்டும் குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த நீரைத்தான் நாடும். வெப்பம் பத்து முதல் பதினாறு டிகிரி சென்டிகிரேட் வரையில் இருக்கையில் நன்றாக மேய்ந்து வளரும்; இருபதைத் தாண்டினால் பசி மந்தப்படும்; இருபத்தைந்தை ஒட்டிப் போனால் உயிருக்கே ஆபத்து. இந்த நிபந்தனைகளெல்லாம் நிறைவேறிய ஓர் ஏரியில், அதற்கு முன் டிரவுட் என்பதையே கண்டறியாத ஓர் ஏரியில், அதைக் கொண்டுபோய் விட்டால் என்ன நடக்கும்? இதற்கு நியூஜீலாந்தின் டௌப்போ ஏரியின் சரித்திரத்தைவிடத் தெளிவான விடையைத் தருவது வேறொன்றும் இல்லையென்றே நினைக்கிறேன். ஆகவே அதைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வாசகர்கள் அநுமதிக்க வேண்டும்.

நியூஜீலாந்தின் வட தீவுக்கு ஏறக்குறைய நடுவில், கடல் மட்டத்துக்குச் சுமார் 357 மீட்டர் உயரத்தில், அறுநூறு சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பில் விரிந்து கிடக்கும் டௌப்போ, உண்மையில் ஒரு மாபெரும் எரிமலையின் வாய். கடைசியாக அது பெரிய அளவில் வெடித்துச் சுமார் 1,800 ஆண்டுகள் ஆகின்றன. ஆழமான இடத்தில் ஏறத்தாழ 186 மீட்டர் ஆழம். தெற்கிலிருந்து டொங்காரிரோ என்னும் நதி வந்து விழுகிறது. வடகிழக்கு மூலையிலிருந்து வைகாட்டோ நதி புறப்பட்டு, சில கிலோமீட்டர் தூரத்திலேயே ஹூக்கா என்ற அருவியாகக் குமுறிப் பாய்கிறது. அந்த அருவியைத் தாண்டிக் கடல்புறத்து மீன்கள் ஏறிவர வழியில்லாததால், இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் குடியிருந்தவை மிகச் சில சிற்றுயிர்களே. அவற்றில் பிரதானமானது கோஆரோ என்று மாவோரி மக்கள் அழைக்கும், செதிளற்ற, விரலளவான ஒரு சிறு மீன். அதன் குஞ்சுகள் கண்ணாடிபோல் உடல் தெரிய ஏரியில் கூட்டங்கூட்டமாகத் திரியும். வளர்ந்தவை ஓடைகளில் கல்லிடுக்கில் வாழும். கௌரா என்ற நன்னீர்ச் சிங்கிறாலும் உண்டு. ஏரிக்கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த தூஃபாரெட்டோவா குலத்தாருக்கு இவ்விரண்டும் நித்திய உணவு.

இங்கிலாந்திலிருந்து குடியேறிய வெள்ளையர்களுக்குத் தாங்கள் விட்டுவந்த ஓடையையும் தூண்டிலையும் மறக்க முடியவில்லை. பூமியின் மறுகோடிக்கு, உஷ்ணமண்டலத்தை ஊடுருவிச் செல்லும் பாய்மரக் கப்பலில், டிரவுட் முட்டைகளை உயிரோடு கொண்டுபோவது எவ்வாறு என்ற பிரச்னை பல தோல்விகளுக்குப் பின் 1864-ஆம் ஆண்டில் தீர்ந்தது. ஈரப்பாசியில் பொதிந்து, கப்பலின் பனிக்கட்டி அறைக்குள் வைத்துக் கொண்டுசென்ற முட்டைகள் டாஸ்மேனியாவில் பொரித்தன. அந்த வம்சத்திலிருந்து 1867-இல் பழுப்பு டிரவுட் நியூஜீலாந்தை அடைந்தது. ரெயின்போ டிரவுட்டின் முட்டைகள் கலிபோர்னியாவிலிருந்து 1883-இல் ஆக்லாந்துக்கு வந்தன. டௌப்போ ஏரியில் பழுப்பு டிரவுட்டை விட்டது 1880-களின் பிற்பகுதியில். ரெயின்போவை விட்டது அந்த நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில்.

பிறகு நடந்தது மீன் பிடிப்பவர்களின் உலகத்தில் ஒரு புராணமாகவே ஆகிவிட்டது. பகைவனையே அறியாத கோஆரோக் கூட்டங்களின் நடுவே வந்து இறங்கிய அந்நிய மீன், வாயைத் திறந்த இடத்திலெல்லாம் இரையைக் கண்டு, ஊதிப் பெருத்தது. பத்து ராத்தல், அதாவது நாலரைக் கிலோ எடையுள்ள டிரவுட்டுகள் சர்வசாதாரணமாயின. இருபது ராத்தலை நெருங்கியவையும் உண்டு. தாய்நாட்டில் ஒரு ராத்தல் மீனைப் பிடித்தாலே நண்பர்களுக்குக் கடிதம் எழுதிய கனவான்கள் கப்பலேறி டௌப்போவுக்கு வந்தார்கள்.

ஆனால் அந்தச் செழிப்பு ஒரு தலைமுறைகூட நிலைக்கவில்லை. டிரவுட், ஏரி ஆண்டுதோறும் விளைவித்த இரையை மட்டும் உண்டு வளரவில்லை. எத்தனையோ காலமாகச் சேர்ந்திருந்த இரையின் கூட்டத்தையே, வட்டியோடு நில்லாமல் முதலையும் எடுத்துச் சாப்பிடுகிறவனைப்போல், உண்டு தீர்த்தது. கோஆரோ குறைந்தது, டிரவுட்டோ ஓடைகளில் தங்குதடையின்றி முட்டையிட்டுப் பல்கியது. 1910-களில் பிடிபட்டவை தலை பெரிதாகவும் உடல் வாடியும், நீளத்துக்கேற்ற கனமில்லாத சவலை மீன்களாக இருந்தன. நோய் என்றார்கள் சிலர். இரத்தக் கலப்பில்லாமல் வம்சம் சீரழிந்துவிட்டது என்றார்கள் வேறு சிலர். புதுக் குஞ்சுகளை மேலும் மேலும் கொண்டுவந்து விட வேண்டும் என்று வாதித்தவர்களும் இருந்திருப்பார்கள் என்பதை ஊகிக்க அதிக சிரமம் வேண்டியதில்லை. இம்மாதிரியான சங்கடங்களில் மனிதனுக்கு முதலில் தோன்றும் யோசனை அதுதான்.

அரசாங்கம் செய்தது இதற்கு நேர் எதிரான காரியம். வலைகளைக் கட்டி இழுத்து, டிரவுட்டை டன் கணக்கில் ஏரியிலிருந்து வெளியேற்றியது. பல ஆண்டுகள் நடந்த இந்த வேலையின் பயனாக, மிஞ்சிய மீன்களுக்குப் பங்கு பெரிதாகி அவை மறுபடியும் சதைபிடித்தன. அமெரிக்க நாவலாசிரியர் ஜேன் கிரே 1920-களில் வந்து டொங்காரிரோ நதிக்கரையில் கூடாரமடித்துத் தூண்டில் போட்டதும், தூண்டிற்காரனின் சொர்க்கம் என்று இந்நாட்டைப் பற்றி எழுதி உலகமெங்கும் பரப்பியதும் இந்த இரண்டாவது நல்ல காலத்தில்தான். அதுவும் நீடிக்கவில்லை. வலைபோட்டு மீனைக் குறைப்பதால் பங்கு பெரிதாகுமேயொழிய மொத்த இரை பெருகாது அல்லவா? ஆகவே 1934 முதல் மற்றொரு பரீட்சை தொடங்கியது. ரோட்டோருவாப் பகுதி ஏரிகளில் வாழும் ஸ்மெல்ட் என்னும் ஒளிஊடுருவும் சிறு மீனைக் கொண்டுவந்து, டிரவுட்டுக்கு இரையாகவே டௌப்போவில் விட்டார்கள்.

இந்தப் பரீட்சை பலித்ததன் காரணத்தை ஆராய்வது ரசமான விஷயம். ஏரியின் நடுப்பரப்பில், கரையிலிருந்து வெகு தொலைவில், சூரிய ஒளி புகும் ஆழம்வரையில், கண்ணுக்குத் தெரியாத பாசியினங்களும் அவற்றை மேயும் குண்டூசித் தலையளவான நீர்ஜந்துக்களும் மிதந்துகொண்டிருக்கின்றன. ஏரியின் செல்வத்தில் பெரும்பகுதி இந்தத் தூளாகத்தான் கிடக்கிறது. இரண்டு கிலோ டிரவுட் இதைப் பொறுக்கித் தின்று வயிற்றை நிரப்ப முயன்றால், நீந்துவதில் செலவாகும் சக்தி உண்பதில் கிடைக்கும் சக்தியை விழுங்கிவிடும். ஆனால் விரல்நீள ஸ்மெல்ட்டுக்கு அது ஏற்ற கவளம். நடுப்பரப்பிலேயே திரிந்து, அத்தூளை மேய்ந்து, மணற்பாங்கான கரையோரத்தில் கணக்கற்ற முட்டைகளையிட்டு, சுமார் ஓர் ஆண்டில் வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் அந்தச் சிறு மீன், பெரிய மீனுக்கு எட்டாதிருந்த ஆகாரத்தைப் பொட்டலம் கட்டி அதன் வாய்க்கு நேரே கொண்டுவந்து சேர்த்தது. கோஆரோவும் ஓரளவு இதே உத்தியோகத்தைத்தான் பார்த்துவந்தது. எனினும் அது இனம் பெருக்க ஓடைகளை நம்பியிருந்தது, அந்த ஓடைகளிலோ டிரவுட் குஞ்சுகளே நிறைந்துவிட்டன. இன்றளவும் டௌப்போ டிரவுட்டின் பிரதான உணவு ஸ்மெல்ட். சராசரி எடை ஒன்றரைக் கிலோ அளவில் நிற்கிறது. பழைய பத்து ராத்தல் மீன் சராசரியாகத் திரும்பி வரவேயில்லை. முதல் தலைமுறை உண்டது சேமிப்பு. இன்றைய மீன் உண்பது அன்றன்றைய விளைச்சல்.

அந்த விளைச்சலும் வருஷத்துக்கு வருஷம் மாறுவது. மலைநீர் நிரம்பிய டௌப்போ சத்துக் குறைந்த தெளிந்த ஏரி; அடியில் தங்கிவிடும் உப்புச் சத்துக்கள் மேலே வந்தால்தான் பாசி வளரும். கோடையில் மேல்நீர் வெப்பமடைந்து, இலேசாகி, அடியிலுள்ள குளிர்ந்த நீரின்மேல் தனி அடுக்காக மிதக்கிறது. குளிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, ஏரி முழுவதும் ஒருமுறை புரண்டு கலந்து, அடியிலிருந்த சத்து வெளிச்சத்துக்கு ஏறிவருகிறது. குளிர் போதாத ஆண்டில் இந்தக் கலக்கம் அரைகுறையாக நடக்கும். பாசி குறையும், நீர்ஜந்து குறையும், ஸ்மெல்ட் மெலியும், கடைசியில் டிரவுட் இளைக்கும். தூண்டிலோடு நிற்பவன் கையில் கிடைக்கும் மீனின் கனத்தைச் சென்ற குளிர்காலத்துக் காற்று நிர்ணயித்திருக்கக்கூடும் என்பதை அவன் அறியமாட்டான்.

இந்த வெற்றிக் கதையில் நஷ்டப்பட்டவர்களும் உண்டு. கோஆரோவை நம்பியிருந்த தூஃபாரெட்டோவா குலத்தார் தங்கள் உணவை இழந்தார்கள். தங்கள் ஏரியிலேயே அந்நிய மீனைப் பிடிக்க அவர்கள் அரசாங்க லைசென்ஸ் வாங்கவேண்டிய நிலைமை உண்டாயிற்று. 1926-இல் ஓர் உடன்படிக்கையின்மூலம் லைசென்ஸ் வருமானத்தில் ஒரு பங்கு அக்குலத்தின் அறக்கட்டளைக்குச் சேர ஏற்பாடாயிற்று. ஏரியின் அடிநிலம் அவர்களுக்கே உரியது என்று எழுதிக் கொடுக்க 1992 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி, ஒரு மீன் எதை உண்கிறது என்பதை எப்படி அறிவது என்று கேட்கலாம். இங்கிலாந்தின் ஏரிகளில் தூண்டில் போடும் அநுபவசாலிகள் சட்டைப்பையில் ஒரு கரண்டி வைத்திருப்பார்கள். எலும்புக்குள்ளிருக்கும் மச்சையை வழித்தெடுப்பதற்காக விருந்து மேஜைகளில் பழைய நாளில் வைத்த, ஒடுங்கி நீண்ட கரண்டி அது. பிடித்துக் கொன்ற மீனின் வாய்வழியாக அதை இரைப்பைவரையில் செலுத்தி, ஒருமுறை திருப்பி வெளியே இழுத்து, அதில் வந்ததை வெள்ளைத் தட்டில் ஊற்றிய சிறிது தண்ணீரில் அலம்பினால், குழம்பாயிருந்தது கொஞ்சங் கொஞ்சமாகப் பிரிந்து உருப்பெறும். பச்சையும் பழுப்புமாகக் களிம்புபோல் திரண்டு வந்து, நீர் பட்டதும் ஆயிரம் புள்ளிகளாகக் கலைவது டாப்னியா என்னும் மிதவை ஜந்து. இரத்தச் சிவப்பில் நெளிவன சேற்றில் வாழும் கொசுவையொத்த ஈயின் புழுக்கள்; நம் ஊரில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் பிள்ளைகளுக்கும் இரத்தப்புழு என்று அவை பழக்கமானவையே. வளைந்து சாம்பல்நிறமாயிருப்பவை நன்னீர்க் கூனிகள். நத்தையைத் தின்ற மீனின் வயிற்றைத் தடவினாலே பொடிக்கற்கள் போல நெறுநெறுவென்று கைக்குத் தட்டும். கூனியும் டாப்னியாவும் மிகுதியாக உண்ட மீனின் மாமிசம் செம்மஞ்சளாக இருக்கும்; அவற்றின் ஓட்டிலுள்ள நிறப்பொருள்தான் அப்படிச் சதையில் ஏறுகிறது. வெறும் ஈயையும் பூச்சியையும் பொறுக்கித் தின்ற ஓடைமீனின் மாமிசம் வெளுத்திருக்கும்.

வயதைச் செதிள் சொல்லும். பூதக்கண்ணாடியின் கீழ்ச் செதிளை வைத்தால் வட்டம் வட்டமாகக் கோடுகள் தெரியும். இரை மிகுந்த மாதங்களில் அக்கோடுகள் தள்ளித் தள்ளியும், குளிர்ந்த மாதங்களில் நெருங்கி நெருங்கியும் விழுந்திருக்கும். நெருக்கங்களை எண்ணினால் ஆண்டுகள் தெரியும்; இடைவெளிகளை அளந்தால் எந்த ஆண்டு நன்றாகச் சாப்பிட்டது என்பதும் தெரியும். உடல்நலத்துக்கு இன்னும் எளிய கணக்கு ஒன்றுண்டு. மீனின் நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை மும்முறை தன்னோடு பெருக்கி, அந்தத் தொகையால் கிராமில் நிறுத்த எடையை வகுத்து நூறால் பெருக்க வேண்டியது. நாற்பது சென்டிமீட்டர் டிரவுட் 640 கிராம் இருந்தால் விடை ஒன்று. அது சுமாரான மீன். 830 கிராம் இருந்தால் விடை 1.3, கொழுத்த மீன். 510 கிராம்தான் என்றால் 0.8, ஏரியில் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

அந்தக் கோளாறு அநேகமாக ஜனத்தொகைக் கோளாறாகவே இருக்கும். இயற்கையான ஏரியில் ஒரு கிலோ டிரவுட் விளைய ஏறத்தாழப் பத்துக் கிலோ இரை வேண்டும் என்பது பொதுவான மதிப்பு. உண்டதில் பெரும்பகுதி மூச்சுவிடவும், நீந்தவும், உடலைப் பழுதுபார்க்கவும், முட்டை வைக்கவும் போய்விடுகிறது, மிச்சந்தான் வளர்ச்சி. ஓர் ஏரியின் இரை ஆண்டுக்கு நூறு மீன்களை ஆளுக்கொரு கிலோ வளர்க்கப் போதுமானது என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஆயிரம் மீன்களை விட்டால் ஆளுக்கு நூறு கிராம் வளரும் என்று பள்ளிக்கூடத்துக் கணக்கு சொல்லும். ஏரிக் கணக்கு அப்படி வராது. ஆயிரம் வயிறுகளின் அன்றாடப் பராமரிப்புச் செலவே வருகிற இரையை ஏறக்குறைய முழுவதும் தின்றுவிடுவதால், வளர்ச்சிக்கென்று ஒன்றும் எஞ்சாது. மீன் எண்ணிக்கையைப் பத்து மடங்காக்கினவர் எடையைப் பத்தில் ஒரு பங்காகக்கூடப் பெறுவதில்லை. அமெரிக்காவின் அலபாமாவில் ஸ்விங்கிள் என்ற பேராசிரியர் 1930-களிலிருந்து குளங்களை வடித்து, மீன்களை நிறுத்து நிறுத்து ஸ்தாபித்த உண்மையும் இதுவே: குளம் தாங்கும் மீனின் மொத்த எடைக்கு ஓர் எல்லை உண்டு, குஞ்சை எத்தனை விட்டாலும் அந்த எல்லை அசையாது; உரமிட்டுப் பாசியை வளர்த்தால்தான் அது நகரும்.

புதிதாகக் கட்டிய நீர்த்தேக்கங்கள் மட்டும் சில ஆண்டுகளுக்கு இந்த விதிக்குக் கட்டுப்படாதவைபோல் தோற்றங்காட்டும். பிரிஸ்டல் நகரத்தின் குடிநீருக்காகக் கட்டிய பிளாக்டன் ஏரியில் 1904-இல் தூண்டில் போட அநுமதித்தபோது கிடைத்த மீன்களின் பருமன் இங்கிலாந்தையே வியக்கவைத்தது. நீரில் மூழ்கிய வயலும் வேலியும் புல்வெளியும் அழுகிக் கொடுத்த உரமும், மண்ணோடு மூழ்கிய புழுக்களும் அந்த விருந்தை அளித்தன. உரம் தீர்ந்ததும் விருந்தும் சுருங்கியது.

இரை போதாவிட்டால் இரையையே கொண்டுவந்து விட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு டௌப்போவின் ஸ்மெல்ட் ஆறுதலாக இருக்கும். கனடாவின் பால் ஏரி அந்த ஆறுதலைக் கொஞ்சம் குறைக்கும். கம்லூப்ஸ் நகரத்துக்கு அருகிலுள்ள இந்த ஏரியில் ஆதியில் மீனே கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெயின்போ டிரவுட்டை விட்டார்கள், அது கூனிகளை உண்டு செழித்தது. 1940-களில் ஷைனர் என்னும் ஒரு சிறு மீன் எப்படியோ அங்கே வந்து சேர்ந்தது. நல்ல இரை வந்துவிட்டது என்று மகிழலாமா என்றால், கரையோரத்துக் களைகளுக்குள் நுழைந்து அந்தக் கூனிகளை டிரவுட்டுக்கு முன்னால் தின்று தீர்த்தது இதுதான். இளம் டிரவுட்டுகள் மெலிந்தன. ஷைனரை விழுங்குமளவுக்கு வளர்ந்துவிட்ட பெரிய டிரவுட்டுகளோ முன்னிலும் வேகமாகக் கொழுத்தன. பெரியதாகிவிட்டால் விருந்து, பெரியதாவதற்குத்தான் வழியில்லை. பீட்டர் லார்க்கின் என்ற விஞ்ஞானி இதை நுட்பமாக ஆராய்ந்து எழுதியது இன்றும் மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது.

அமெரிக்காவின் மொண்டானா மாகாணத்து ஃபிளாட்ஹெட் ஏரியில் நடந்தது இன்னும் விபரீதம். மீன்களுக்கு உணவாகட்டும் என்று மேலேயுள்ள ஏரிகளில் விட்ட மைசிஸ் என்னும் கூனி நீரோட்டத்தோடு இறங்கி 1980-களின் தொடக்கத்தில் இந்த ஏரியை நிறைத்தது. பகலில் இருண்ட ஆழத்தில் பதுங்கி, இரவில் மேலேறி டாப்னியாவை மேயும் சுபாவமுள்ளது அந்தக் கூனி; பகலில் கண்பார்வையால் மேயும் கொகனி சால்மன் என்னும் மீனுக்கு அது வாய்க்கு எட்டவில்லை, அதன் ஆகாரத்தை மட்டும் பறித்துக்கொண்டது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் முட்டையிட வந்த கொகனி சில ஆண்டுகளில் மறைந்துபோக, அதை உண்ண ஓடைக்கரையில் நூற்றுக்கணக்கில் கூடிய கழுகுகளும் வேறிடம் தேடிப் போய்விட்டன.

இவ்வளவு தொல்லையும் வேண்டாமென்று, பண்ணையில் தீவனம் போட்டு வளர்த்த பெரிய டிரவுட்டை அப்படியே ஏரியில் விட்டு, சில வாரங்களிலேயே தூண்டிலில் பிடித்துவிடும் முறை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பரவியிருக்கிறது. பண்ணையில் உலர்ந்த குருணைத் தீவனம் ஒன்று அல்லது ஒன்றேகால் கிலோ கொடுத்தால் ஒரு கிலோ மீன் கிடைத்துவிடுகிறது. ஏரி வெறும் ஸ்டோர் ரூம் ஆகிவிடுகிறது. வியாபாரமாக இதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதை ஏரியின் வளம் என்று சொல்லிக்கொள்வது சரியல்ல.

நம் நாட்டிலும் டிரவுட் உண்டு. சென்னை ராஜதானியில் டாக்டராக உத்தியோகம் பார்த்துக்கொண்டே இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய பிரான்சிஸ் டே, 1860-களில் நீலகிரிக்கு முட்டைகளைத் தருவித்துத் தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஹென்றி சார்லஸ் வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து முயன்றதில் பழுப்பு டிரவுட் நிலைக்கவில்லை, ரெயின்போ நிலைத்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் குந்தா மின்திட்டத்துக்காகக் கட்டிய அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி நீர்த்தேக்கங்கள் அதற்கு விசாலமான வீடுகளாயின. ஆனால் நீலகிரியின் மலைநீர் சுண்ணாம்புச் சத்துக் குறைந்தது. கூனிக்கும் நத்தைக்கும் ஓடு கட்ட அந்தச் சத்துத்தான் வேண்டும். மின்சாரத்துக்காக நீர்மட்டம் ஏறி இறங்கும் தேக்கத்தில், பூச்சிகளும் நத்தைகளும் குடியிருக்க வேண்டிய கரையோரச் சேறு மாறி மாறி நனைந்தும் காய்ந்தும் தரிசாகிவிடுகிறது. டௌப்போ மீனோடு நம் மலைமீனை ஒப்பிட்டு, நம் அதிகாரிகளுக்குச் சாமர்த்தியம் போதவில்லை என்று பேசுவோர் இந்த வித்தியாசங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

மலைத்தேக்கமானாலும் சமவெளிக் கண்மாயானாலும், இத்தனை ஆயிரம் குஞ்சுகள் விடப்பட்டன என்ற செய்தி படத்தோடு பத்திரிகைகளில் அவ்வப்போது வருகிறது. அடுத்த முறை அதைப் படிக்கும் வாசகர்கள், அந்தத் தண்ணீரில் அவை தின்ன என்ன இருக்கிறது, அதை யாராவது அளந்து பார்த்தார்களா என்ற இரண்டு கேள்விகளையும் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவைக்க வேண்டும்.